மேயர் தேர்தல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன்; எழுதுவது இதுவே முதல் முறை. எங்கள் நகரில் அடுத்த மாதம் மேயர் தேர்தல் நடக்கவிருக்கிறது. இங்கே மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். இதுவரை எந்தத் தேர்தலிலும் யாருக்கு வாக்களிப்பது என்று நான் அதிகம் யோசித்ததில்லை. இம்முறை மூன்று பேருக்கு நடுவே தடுமாறுகிறேன்.

இப்போது பதவியில் இருப்பவர் வேலை தெரிந்தவர்தான். சாலைகள் செப்பனிடப்பட்டிருக்கின்றன, குப்பை நேரத்துக்கு அள்ளப்படுகிறது. ஆனால் சொத்து வரியை உயர்த்திவிட்டார். பொதுக்கூட்டங்களில் கேள்வி கேட்பவர்கள் மேல் எரிந்து விழுகிறார். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாமவர் ஓர் இளம் செயற்பாட்டாளர். வாடகை, பேருந்துக் கட்டணம், பள்ளிகள் என்று நான் கவலைப்படும் அத்தனை விஷயங்களையும் பேசுகிறார். ஆனால் ஒரு சிறிய அலுவலகத்தைக்கூட நடத்திய அனுபவம் அவருக்கு இல்லை. மூன்றாமவர் நெடுங்காலம் மாமன்ற உறுப்பினராக இருந்தவர். குடிநீர், வடிகால் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட மற்ற இருவருக்கும் தெரியாது. ஆனால் அவர் வெல்ல வாய்ப்பே இல்லை என்கின்றன கருத்துக்கணிப்புகள். அவருக்குப் போடும் வாக்கு வீண் என்று என் கணவரும் சொல்கிறார்.

மனம் ஒருவரைச் சொல்கிறது, அறிவு இன்னொருவரைச் சொல்கிறது. எதை வைத்து முடிவு செய்வது? பேசாமல் வாக்களிக்காமலே இருந்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

மூன்று வேட்பாளர்களைப் பற்றியும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர்கள் போட்டியிடும் பதவியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் தடுமாற்றத்தில் பாதி அதனால் வருவது என்று நினைக்கிறேன். ஒருவரைப் பிடிக்கிறதா, அவர் நல்லவரா, நம் கருத்துகளோடு ஒத்துப்போகிறாரா என்று பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். அவர் உட்காரப்போகும் நாற்காலியிலிருந்து கை எதுவரை எட்டும் என்பதை மட்டும் பார்க்க மறந்துவிடுகிறோம்.

மேயர் என்ற பெயர் எல்லா இடத்திலும் ஒன்றுதான், பதவி ஊருக்கு ஊர் வேறு. இந்திய மாநகராட்சிகளில் நிர்வாக அதிகாரம் பெரும்பாலும் அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. மேயர் மாமன்றத்துக்குத் தலைமை வகிப்பவர். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ், டாலஸ் போன்ற பெரிய நகரங்களிலேயே அன்றாட நிர்வாகத்தை நடத்துபவர் மன்றம் நியமிக்கும் நகர மேலாளர்தான். மேயருக்கு மன்றத்தில் மற்றவர்களைப் போல ஒரு வாக்கு. டொராண்டோ மேயரின் நிலையும் 2022 வரை ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு மாகாண அரசு கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு பட்ஜெட்டை முன்வைக்கவும் மன்றத்தின் சில முடிவுகளைத் தடுத்து நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் வந்தது. ஆகவே, உங்கள் நகரத்தின் மேயர் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் மாநகராட்சியின் இணையதளத்திலேயே இருக்கும். ஒரு மாலை நேரம் போதும்.

அது தெரிந்தபின் வாக்குறுதிகளைப் படித்தால் அவை வேறு மாதிரித் தெரியும். உங்கள் இளம் வேட்பாளர் பேசும் மூன்று விஷயங்களையே நியூயார்க்கில் வைத்துப் பார்ப்போம். அங்கே சுரங்க ரயிலையும் பேருந்துகளையும் நடத்துவது மாநில அரசு உருவாக்கிய ஒரு போக்குவரத்து ஆணையம். அதன் வாரியத்தில் மேயரின் பரிந்துரையால் வரும் உறுப்பினர்கள் சிலர் இருந்தாலும் பெரும்பான்மை அவர் கையில் இல்லை. கட்டணத்தைத் தனியாக அவர் குறைத்துவிட முடியாது. ஆனால் வாடகை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட சுமார் பத்து லட்சம் வீடுகளுக்கு ஆண்டுதோறும் வாடகை உயர்வை நிர்ணயிக்கும் வாரியம் இருக்கிறதே, அதன் ஒன்பது உறுப்பினர்களையும் நியமிப்பவர் மேயர். 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் ஓராண்டு ஒப்பந்தங்களுக்கு உயர்வே வேண்டாம் என்று அந்த வாரியம் முடிவு செய்தது. பள்ளிகளின் நிர்வாகம் 2002இல் மாநிலச் சட்டத்தின் வழியாக மேயரிடம் வந்தது. லண்டனிலோ இதற்கு நேர்மாறு: பேருந்தும் சுரங்க ரயிலும் மேயரின் பொறுப்பு, பள்ளிகள் அவர் பொறுப்பல்ல. ஒரே மேடைப்பேச்சை இரண்டு ஊர்களிலும் பேசினால், ஒன்றில் வாக்குறுதியாக இருக்கும் வரி மற்றொன்றில் வெறும் விருப்பமாக இருக்கும்.

வெறும் விருப்பத்தைச் சொல்வது குற்றமல்ல. மேலே இருக்கும் அரசோடு வாதாடி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது நேர்மையான பேச்சு. தன் கையில் இல்லாததைத் தன் கையில் இருப்பதாகக் காட்டுபவரிடம்தான் எனக்குச் சந்தேகம் வரும். உங்கள் வேட்பாளரின் கூட்டத்துக்கு மறுமுறை போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை நிறைவேற்ற உங்களைத் தவிர வேறு யாருடைய கையெழுத்து வேண்டும்? அதற்கு அவர் தரும் பதிலிலிருந்து அவருடைய அனுபவமின்மை எவ்வளவு ஆழமானது என்பது தெரிந்துவிடும்.

இனி, பதவியில் இருப்பவரைப் பற்றி. வரியை உயர்த்தினார் என்பதை ஒரு குறையாகச் சொல்கிறீர்கள். குறையாக இருக்கலாம், ஆனால் வரியை உயர்த்தாத மேயர் அதற்குப் பதிலாக என்ன செய்தார் என்றும் பார்க்க வேண்டும். இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் சிகாகோ. ரிச்சர்ட் எம். டேலி அங்கே 1989 முதல் 2011 வரை மேயராக இருந்தார். நகரத்தைச் செப்பமாக வைத்திருப்பவர் என்று பெயரெடுத்தவர். 2007 தேர்தலில் எழுபது சதவீதத்துக்கும் மேல் வாக்குகள் பெற்றார். அடுத்த ஆண்டே பட்ஜெட்டில் பெரும் பள்ளம் விழுந்தது. வரியை உயர்த்தாமல் அதை நிரப்ப அவர் கண்ட வழி, நகரத் தெருக்களில் உள்ள சுமார் 36,000 வாகன நிறுத்தக் கட்டண மீட்டர்களின் வருவாயை 75 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவது. கிடைத்த தொகை ஏறத்தாழ 115 கோடி டாலர். 2008 டிசம்பரில் ஒப்பந்தம் மாமன்றத்தின் முன் வந்தது. முழுதாகப் படித்து முடிக்கவே நேரம் போதாத சில நாட்களுக்குள் 40க்கு 5 என்ற வாக்குகளில் நிறைவேறியது. நகரத்தின் தலைமை ஆய்வாளர் மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கை, நகரத்துக்குக் கிடைத்திருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 97 கோடி டாலர் குறைவாகக் கிடைத்தது என்று கணக்கிட்டது. வந்த பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே பட்ஜெட் பள்ளங்களில் கரைந்தது. ஒரு தெருவில் மீட்டர்களை எடுத்துவிட்டு மிதிவண்டிப் பாதை போட வேண்டுமென்றாலும், ஊர்வலத்துக்காகச் சாலையை மூட வேண்டுமென்றாலும், இழந்த வருவாய்க்கு நகரம் அந்த நிறுவனத்துக்கு ஈடு செய்ய வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் 2080களில்தான் முடியும். 2007இல் டேலிக்கு வாக்களித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த மீட்டர்களில் காசு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே, உங்கள் மேயர் உயர்த்திய சொத்து வரி எங்கே போயிற்று என்று பாருங்கள். நீண்டகாலக் கடனை அடைக்கவும் குழாய்களை மாற்றவும் போயிருந்தால், தேர்தலில் தனக்குப் பாதகமாகும் என்று தெரிந்தே அதைச் செய்திருக்கிறார்; அது அவருக்கு ஆதரவான வாதம். விழாக்களுக்கும் விளம்பரத்துக்கும் போயிருந்தால் உங்கள் கோபம் நியாயமானது. வரி உயர்ந்தது என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

அவருடைய சிடுசிடுப்பைப் பற்றி என் கருத்து உங்கள் கருத்தோடு ஒத்துப்போகிறது, காரணம்தான் வேறு. மேயர் இனிமையாகப் பேச வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் கேள்வி கேட்பவரைக் கூட்டத்தில் அதட்டுபவர், தனக்குக் கீழே வேலை செய்யும் பொறியாளரும் கணக்கு அதிகாரியும் ‘இது சரிவராது’ என்று சொல்ல வரும்போது எப்படி நடந்துகொள்வார்? இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அவருடைய காலத்தில் துறைத் தலைவர்கள் எத்தனை பேர் இடையிலேயே விலகினார்கள், எந்தச் சூழலில் விலகினார்கள் என்று உள்ளூர்ச் செய்திகளில் தேடிப் பாருங்கள். நல்ல அதிகாரிகள் தொடர்ந்து நிலைத்திருக்கும் நகராட்சியில் மேயரின் கோபம் வெளித்தோற்றம் மட்டுமே. வரிசையாக விலகிக்கொண்டிருந்தால் அது உள்ளேயும் பரவியிருக்கிறது.

அனுபவமின்மைக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொலம்பியாவின் போகோட்டாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தானாஸ் மோக்குஸ் கணிதமும் தத்துவமும் கற்றவர், தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். எந்தத் தேர்தல் பதவியும் வகித்திராமல், பெரிய கட்சிகள் எதையும் சாராமல் 1994 தேர்தலில் வென்று மேயரானார். சாலை விதிகளை மதிக்காதவர்களைக் கேலி செய்து திருத்துவதற்கு முச்சந்திகளில் மௌன நாடகக் கலைஞர்களை நிறுத்தியவர் அவர்தான். அனுபவமில்லாத ஒருவர் நகரத்தை மாற்றிய கதையாக இதைப் பலரும் சொல்வார்கள். அதன் முதல் அத்தியாயத்தைச் சொல்பவர்கள் குறைவு. மோக்குஸுக்கு முன் மேயராக இருந்த ஹைமே காஸ்த்ரோ, 1993இல் நகரத்துக்குப் புதிய அமைப்புச் சட்டம் வரக் காரணமாக இருந்தார். மேயருக்கும் மன்றத்துக்கும் இடையே அதிகாரங்கள் பிரிக்கப்பட்டன, சொத்தின் மதிப்பை உரிமையாளர்களே கணக்கிட்டு வரி செலுத்தும் முறை வந்தது, நகரத்தின் வருவாய் பெருகியது. அதற்காக யாரும் அவருக்கு மாலை போடவில்லை. பெரும் வெறுப்போடுதான் பதவியை விட்டுப் போனார். புதியவரின் கற்பனைக்குப் பழையவர் வசூலித்த வரி செலவாயிற்று. எனவே, அனுபவமில்லாத வேட்பாளரைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் அவருக்குக் கைமாறப்போகும் கஜானாவின் நிலை என்ன, நிதிப் பொறுப்பை யாரிடம் கொடுக்கப்போகிறார் என்ற இரண்டையும் கேட்காமல் அவரைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம்.

மூன்றாமவருக்குப் போடும் வாக்கு வீண்தானா என்பது உங்கள் ஊரின் வாக்கு முறையைப் பொறுத்தது. அதை நீங்கள் எழுதவில்லை. உங்கள் கணவர் சொல்வது ஒரு முறையில் சரி, மற்ற இரண்டில் தவறு.

யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கு இரண்டாம் சுற்று நடத்தும் ஊராக இருந்தால், முதல் சுற்றில் மனம் சொல்பவருக்கே போடலாம். சிகாகோவில் 2019இல் 14 பேர் நின்றார்கள். லோரி லைட்ஃபுட் முதல் சுற்றில் பெற்றது 18 சதவீதத்துக்கும் குறைவு, ஆனாலும் அவர்தான் முதலிடம். இரண்டாம் சுற்றில் சுமார் 74 சதவீதத்தோடு வென்றார். கூட்டம் அதிகமுள்ள முதல் சுற்றில் கருத்துக்கணிப்பை நம்பி ஒருவரைக் கைவிடுவது அவசரம்.

வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசையில் குறிக்கும் முறையாக இருந்தால் உங்களுக்குத் தடுமாற்றமே தேவையில்லை: பிடித்தவரை முதலில் குறியுங்கள், அவர் விலக்கப்பட்டால் உங்கள் வாக்கு அடுத்தவருக்குப் போகும். ஆனால் வரிசையை முதலிடத்தோடு நிறுத்திவிடக் கூடாது. நியூயார்க்கில் 2021இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்தல் இம்முறையில் நடந்தது. கடைசிச் சுற்றில் எரிக் ஆடம்ஸ் கேத்ரின் கார்சியாவை 7,197 வாக்குகளில் வென்றார். அந்தச் சுற்றை எட்டியபோது, இருவர் பெயரையுமே குறிக்காததால் கணக்கிலிருந்து வெளியேறியிருந்த வாக்குச்சீட்டுகள் சுமார் 1,40,000. அவற்றைப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்த இருவருக்கிடையே ஒரு சிறு விருப்பமாவது இருந்திருக்கும். சீட்டில்தான் அது இல்லை.

ஒரே வாக்கு, அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்ற முறையாக இருந்தால் மட்டுமே உங்கள் கணவரின் கணக்கு நிற்கும். லண்டனில் 2021 வரை இரண்டாம் விருப்பத்தையும் குறிக்க இடம் இருந்தது. 2024இல் அது எடுக்கப்பட்டு ஒரே வாக்கானது. ஊரும் பதவியும் அப்படியே இருக்க, வாக்காளர் கணக்குப் போட வேண்டிய விதம் மட்டும் மாறியது.

என் சாய்வைக் கேட்டால் மறைக்க மாட்டேன். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், வரிசை முறையிலோ இரு சுற்று முறையிலோ நான் மூன்றாமவருக்கே முதல் வாக்கைப் போடுவேன். குடிநீரும் வடிகாலும் பெரும்பாலான ஊர்களில் நகராட்சியின் கைக்கு எட்டுபவை, அவற்றை அறிந்தவர் அபூர்வம். ஒரே வாக்கு என்றால் முதல் இருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, வரிப்பணம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு நல்ல விடை கிடைத்தால் பிடிக்காதவருக்கே போடுவேன். பிடிக்காதவருக்கு வாக்களிப்பது அவரோடு சேர்ந்து வாழ்வதற்கான ஒப்பந்தம் அல்ல. மறுநாள் காலையிலிருந்தே அவரை எதிர்க்கலாம்.

வாக்களிக்காமல் இருப்பது உங்கள் உரிமை. ஆனால் மேயர் தேர்தல்களில் வாக்களிப்பவர்கள் பொதுவாகவே குறைவு; நியூயார்க்கில் 2021 பொதுத்தேர்தலில் பதிவு செய்த வாக்காளர்களில் நால்வரில் ஒருவர்கூட வரவில்லை. இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஒருவர் விலகுவது, வந்திருப்பவர்களின் கையில் இன்னும் கொஞ்சம் கனத்தைக் கொடுப்பதுதான்.

கடைசியாக ஒன்று. பல ஊர்களில் மேயருக்கான வாக்கோடு மாமன்ற உறுப்பினருக்கான வாக்கும் சேர்ந்தே வரும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மேயர் யாராக இருந்தாலும் அவர் கொண்டுவரும் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க அவகாசம் கேட்க வேண்டியவர்கள் அந்த உறுப்பினர்கள்தான். சிகாகோவில் எதிர்த்து வாக்களித்தவர்கள் ஐந்து பேர். உங்கள் வட்டாரத்தில் நிற்பவர்களில் அப்படிச் செய்யக்கூடியவர் யார் என்று விசாரித்துவிட்டு, அந்தச் சீட்டையும் அதே அக்கறையோடு நிரப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்