விலங்கு அறிவியல் செய்திகளைப் படிப்பதால் அன்றாட வாழ்வில் என்ன மாறும்?

கேள்வி: காக்கைக்கு ஞாபகசக்தி, ஆட்டுக்கு முகம் தெரியும் என்று ஏதாவதோர் ஆராய்ச்சிச் செய்தி வந்துகொண்டே இருக்கிறதே, இவற்றைப் படிப்பதால் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களின் வாழ்க்கையில் ஏதாவது மாறுமா?

மாறும். ஆனால் எல்லாச் செய்தியாலும் அல்ல. படித்து வியந்து, நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மறந்துபோகிற செய்திகளே அதிகம். வீட்டில் நாம் எடுக்கும் ஏதோவொரு முடிவில் வந்து கைவைக்கிற செய்திகள் சில உண்டு. நான் தேடிப் படிப்பது அவற்றைத்தான்.

காரைக்குடிக்குப் பக்கத்தில், நடுவில் திறந்த முற்றமுள்ள பழைய வீட்டில் இருக்கிறோம். முற்றம் இருந்தால் காக்கையும் இருக்கும். அப்பத்தா காலத்திலிருந்து சமைத்ததும் முதல் பிடிச் சோறு காக்கைக்குத்தான். வற்றல், வடகம் காய்கிற மாதங்களில் அதே காக்கையைக் கல்லெடுத்து விரட்டுவதும் எங்கள் தெருவில் வழக்கம்.

அமெரிக்காவில், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார். அவரது குழுவினர் ஆதிமனிதன் முகமூடி அணிந்துகொண்டு சில காக்கைகளைப் பிடித்து, அடையாள வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூட்டமாகக் கரைந்து துரத்தின. வேறு முகமூடி அணிந்தவர்களை அப்படிச் செய்யவில்லை. ஆண்டுகள் போகப் போக, பிடிபடவே செய்யாத காக்கைகளும் அந்த முகத்தைத் திட்டத் தொடங்கின. தாயும் தகப்பனும் கரைவதைப் பார்த்துக் குஞ்சுகளும் கற்றுக்கொண்டன. அது அமெரிக்கக் காக்கை இனம், நம் வீட்டுக் காக்கை வேறு இனம். ஆனாலும் இதைப் படித்த பிறகு என் கை கல்லுக்குப் போகவில்லை. வடகத்தின் மேல் பழைய கொசுவலையை விரித்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு ஏன் என்று சொல்லியும் வைத்திருக்கிறேன். நான் எறியும் கல் அந்த ஒரு காக்கையோடு முடிந்துவிடுவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட செய்தி வந்தாலே ‘இது நம் முன்னோருக்கு அன்றைக்கே தெரியும்’ என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முன்னோருக்குத் தெரிந்தது பெரிது என்றால், அதன்படி நடக்கிறவர்களைத்தான் சுட்டிக்காட்ட வேண்டும். அப்படி நடப்பவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிக் கண்மாய்களில் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் அரிவாள் மூக்கனும் வந்து கூடு கட்டுகின்றன. 1977-லிருந்து அது பறவைகள் சரணாலயம். கரையிலுள்ள கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை மிரண்டுவிடக் கூடாது என்று பெரியவர்கள் எடுத்த முடிவு, தலைமுறை தாண்டியும் நிற்கிறது. சிவகங்கை மாவட்டத்திலேயே பொத்தகுடி என்ற ஊரில், 2020-ல், தெருவிளக்குச் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி முட்டையிட்டுவிட்டது. குஞ்சுகள் பறக்கும் வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊரே விளக்குப் போடாமல் இருந்தது. தெருவில் இருட்டில் நடந்தவர்கள் அவர்கள். எனக்கு அவர்கள்மேல் அளவில்லாத மரியாதை.

ஆனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதவையும் உண்டு. அங்கே அறிவியலை விட்டால் வழியில்லை. என்னை முழுதாக உலுக்கியது கழுகுச் செய்தி.

செத்த மாட்டை ஊர் எல்லையில் போட்டால் பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கி ஒரே பொழுதில் எலும்பாக்கிவிடும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்ததில்லை. இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த அந்தப் பறவைகள் 1990-களில் மளமளவென்று செத்து விழுந்தன. வெண்முதுகுக் கழுகு இனத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. நோய் என்றே முதலில் நினைத்தார்கள். லிண்ட்சே ஓக்ஸ் என்பவரின் குழு பாகிஸ்தானில் ஆராய்ந்து 2004-ல் காரணத்தை வெளியிட்டது. மாட்டுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசிதான் அது. ஊசி போட்ட மாடு சில நாட்களில் இறந்தால், அந்த இறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் உறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிந்து, சில நாட்களில் பறவை இறந்துவிடுகிறது. நூறு சடலங்களில் ஒன்றில்கூட இந்த மருந்து இருக்கத் தேவையில்லை. அதற்கும் குறைவாக இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டார்கள். எந்தப் பெரியவராலும், எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும், இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

எங்கள் சித்தப்பா மாடு வைத்திருக்கிறார். இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: “கழுகே இல்லாத ஊரில் யாருக்காக மருந்தை மாற்றுவது?”

நியாயமான கேள்வி. நான் அவருக்கு இரண்டு பதில்கள் சொன்னேன். கழுகு ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடிய பறவை. இப்போது தமிழ்நாட்டில் அது முதன்மையாக மிஞ்சியிருப்பது நீலகிரிக்குக் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கில். மறுபடி பரவ வேண்டுமானால் வழியில் கிடைக்கும் இறைச்சி நஞ்சாக இருக்கக் கூடாது. இரண்டாவது, மனிதர்களைப் பற்றியது. கழுகு போன இடத்தில் அழுகிய சடலமும் அதைத் தின்னும் தெருநாயும் பெருகின. தண்ணீர் கெட்டது, வெறிநாய்க்கடி ஆபத்து கூடியது. இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000 முதல் 2005 வரை இந்தியாவில் இதனால் கூடுதலாக இறந்தவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். சித்தப்பா அந்த எண்ணை என்னிடம் திரும்பக் கேட்டுக்கொண்டார். அதன்பிறகு வாதாடவில்லை.

மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று அரசு 2006-லேயே தடை செய்துவிட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015-ல் அந்தக் குப்பியை 3 மில்லி அளவுக்குக் குறைத்தார்கள். 2023-ல் கழுகுக்கு ஆகாத வேறு இரண்டு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிகுளோஃபெனாக்கும் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன. கழுகுக்குத் தீங்கில்லை என்று சோதித்தறிந்த மருந்து மெலாக்சிகாம். எளிதில் கிடைக்கிறது, மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் கேட்கிறது. உங்கள் வீட்டில் மாடு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடையில் நீங்களாக ஊசி வாங்கிப் போடாதீர்கள்.

போன மாதம் சித்தப்பாவின் சிவப்புப் பசுவுக்கு மடிவீக்கம் வந்து காய்ச்சல் அடித்தது. டாக்டர் பையைத் திறந்தபோது, “மெலாக்சிகாம்தானே போடுகிறீர்கள்?” என்று அவரே கேட்டார். “அதுதான் வைத்திருக்கிறேன், உங்களுக்கு யார் சொன்னது?” என்றார் டாக்டர். சித்தப்பா என்னைக் காட்டவில்லை. கழுகு எப்படிச் செத்தது என்று தொடங்கி, டாக்டருக்கே முழுக்கதையும் சொன்னார்.