வெப்பக் கேமராவில் வயல் முழுக்க வெள்ளையாகத் தெரிந்தால்

தீவனச் சோளம் அறுக்கும் முன் உள்ளே முயல்குட்டி, மயில் கூடு இருக்கிறதா என்று டிரோனில் வெப்பக் கேமரா (சூடானதை வெள்ளையாகக் காட்டுவது) வைத்துத் தேடினால், வயலே வெள்ளையாகத் தெரிவதாக எழுதியிருந்தீர்கள். டிரோனைக் காலை 10 மணிக்குப் பறக்க விடாதீர்கள். விடிவதற்கு முன்பே பறக்க விடுங்கள். உங்கள் வாழப்பாடிப் பக்கம் வெயில் ஏறியபின் மண்ணும் கல்லும் முயல்குட்டியின் உடல் சூட்டுக்கு வந்துவிடும். வயல் முழுக்க வெள்ளையாகத் தெரியக் காரணம் பெரும்பாலும் இதுதான். டிரோனில் கோளாறு இருக்காது. ஜெர்மனியில் புல் அறுக்கும் முன் மான்குட்டி தேடுபவர்களும் அதிகாலையில்தான் பறக்க விடுகிறார்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். சிறிய பாட்டிலில் கை பொறுக்கும் வெந்நீர் நிரப்பி, பயிருக்குள் தரையில் வைத்து மேலே பறக்க விடுங்கள். புள்ளி தெரியவில்லையா? தெரியும்வரை உயரத்தைக் குறையுங்கள். அதுதான் உங்கள் வயலுக்கான உயரம்.

ஆனால் ஆளுயரத்துக்கு அடர்ந்த பயிரில் இலை சூட்டை மறைத்துவிடும். தாய் எழுந்து போன கூட்டில் ஆறிய மயில் முட்டையும் தெரியாது. அதனால் திரையில் ஒன்றும் இல்லை என்று நம்பி அறுப்பு மெஷினை இறக்காதீர்கள், வரப்போரம் ஒருமுறை நடந்து பாருங்கள். அறுப்பையும் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகக் கொண்டு போங்கள், ஓடக்கூடியவை தப்பிக்கும். குட்டிகள் ஓடாது, பதுங்கிக் கிடக்கும். கண்ணில் பட்டால் அந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் பயிரை அப்படியே விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஓமலூர்ப் பக்கம் சேலம் விமான நிலையம் இருப்பதால், டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் வயல் எந்த மண்டலத்தில் வருகிறது என்றும் பாருங்கள்.