ஸ்பெஷல் பாஸில் இருப்பது கள்ளத்தனம் இல்லை

தம்பி, சிங்கப்பூரில் வேலை செய்யும்போது விரலில் அடிபட்டு, வேலை பெர்மிட் ரத்தாகி, இழப்பீட்டு விஷயம் முடியும்வரை ஸ்பெஷல் பாஸில், அதாவது தற்காலிகமாகத் தங்கும் அனுமதியில், இருக்கிறீர்கள். தேக்காவில் அறை கொடுத்தவர் ‘ஓடிவந்த ஆள்’ என்று சொல்லிக் காலி பண்ணச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

அவர் சொல்வது தவறு. ஸ்பெஷல் பாஸ் அரசாங்கம் தருவது. அதிலுள்ள தேதிவரை நீங்கள் சட்டப்படிதான் இங்கே இருக்கிறீர்கள். பாஸை அவரிடம் காட்டித் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பெர்மிட் கார்டு இல்லை என்றாலே கள்ளத்தனமாகத் தங்கியவன் என்று நம் ஆட்களே முடிவு கட்டுவது எனக்கு மனசு ஆறவே இல்லை. அடிபட்டவனுக்கு இது இரண்டாவது அடி.

தேதி முடியுமுன் மறக்காமல் பாஸைப் புதுப்பித்துவிடுங்கள். ‘ஒருநாள் வேலை, கையில் காசு’ என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். மனிதவள அமைச்சு தனியாக அனுமதி தராதவரை இந்தப் பாஸில் வேலை செய்யக் கூடாது.

அப்புறம், முக்கியமான விஷயம். இழப்பீடு கைக்கு வரும்வரை உங்கள் தங்குமிடமும் சாப்பாடும் பழைய முதலாளியின் பொறுப்பு. மருத்துவ விடுப்புக்குச் சம்பளமும் உண்டு: சாதாரண (மருத்துவமனை விடுப்பு அல்லாத) மருத்துவ விடுப்பில் முதல் 14 நாளுக்கு முழுச் சம்பளம், பிறகு மூன்றில் இரண்டு பங்கு. தராவிட்டால் அமைச்சில் புகார் கொடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் தொண்டு அமைப்புகளான டிடபிள்யூசி2 (TWC2) அல்லது ஹோமிடம் (HOME) பேசுங்கள், உதவுவார்கள்.