பட்டறையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: "ஜெர்மனியைப் போல நாமும் தொழிற்கல்வியை வளர்க்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். ஆனால் அங்கே பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடுகிறார்கள் என்றும், தொழில் பழகப் போனவர் பிறகு பல்கலைக்கழகப் படியேற முடியாது என்றும் கேள்விப்பட்டேன். எதை நம்புவது?" (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: முதல் செய்தி இன்றும் பெருமளவு உண்மை. இரண்டாவது, 2009-க்கு முன்பு பெரும்பாலோருக்கு இருந்த நிலை.

ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறாம் வகுப்பு முடிந்ததும், பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். கிம்னாசியம் எனப்படும் பள்ளியில் படித்து, அபிடுர் என்ற பள்ளி இறுதித் தேர்வில் தேறியவருக்குத்தான் பல்கலைக்கழகம் என்பது நெடுங்கால வழக்கம். மற்றவர்களில் கணிசமானோர் 'இரட்டை முறை' என்று பெயர் பெற்ற பயிற்சிக்குச் செல்கிறார்கள். இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் தொழிலைப் பழகும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, மாதந்தோறும் உதவித்தொகை பெற்று, மூன்றரை ஆண்டுகள் பயில்கிறார். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஆலையிலும், மீதி நாள் தொழிற்பள்ளியிலும் இருக்கிறார். தேர்வை நடத்துவது அவருடைய நிறுவனமோ பள்ளியோ அல்ல, அந்த வட்டாரத்துத் தொழில் வணிகச் சபை. தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் அமர, அவர்களோடு தொழிற்பள்ளி ஆசிரியரும் இருக்கிறார். இறுதித் தேர்வில், உண்மையான ஒரு வேலையைத் திட்டமிட்டு, செய்து முடித்து, சோதித்து, ஆவணமாக எழுதி வைத்த பிறகு, ஏன் இப்படிச் செய்தாய், வேறு வழி இருந்ததா என்று குழுவினர் கேட்கும் கேள்விகளுக்கு அவர் விடை சொல்ல வேண்டும். இதைச் சிந்தனை தேவைப்படாத கைவேலை என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

இத்தனை கடுமையான பயிற்சியில் தேறியவருக்கும் பல்கலைக்கழகக் கதவு பொதுவாகச் சாத்தியே இருந்தது. 2009 மார்ச்சில் மாநிலக் கல்வி அமைச்சர்களின் மாநாடு எடுத்த முடிவு அதைத் திறந்தது. 'மைஸ்டர்' எனப்படும் தலைமைக் கைவினைஞர் தகுதி பெற்றவர் எந்தப் பாடத்திலும் சேரலாம். குறைந்தது இரண்டாண்டுப் பயிற்சியும் மூன்றாண்டுப் பணி அனுபவமும் உள்ளவர், தகுதித் தேர்வு எழுதியோ சோதனை முறையில் படித்துக் காட்டியோ, தம் தொழில் சார்ந்த பாடத்தில் சேரலாம். படிப்புகளையும் பயிற்சிகளையும் படிகளாக வரிசைப்படுத்தி 2013-இல் நடைமுறைக்கு வந்த தகுதிக் கட்டமைப்பு மைஸ்டரையும் இளங்கலைப் பட்டத்தையும் ஒரே ஆறாம் படியில் நிறுத்தியது.

ஆனாலும், அபிடுர் இல்லாமல் இவ்வழியில் உயர்கல்விக்குள் நுழைவோர் புதிய மாணவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவிலேயே இருக்கிறார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. வாடகையும் குடும்பமும் உள்ள ஒருவர் சம்பளத்தை விட்டுவிட்டு, பள்ளியில் படித்திராத கணிதத்தோடு முதல் பருவத்தில் உட்கார வேண்டும் என்றால் எத்தனை பேர் துணிவார்கள்? சட்டம் அனுமதி கொடுத்தது. அந்த இடைவெளியைக் கடக்கத் தேவையான பாடங்களும் பணமும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1974-இல் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் தொடங்கி, நிறுவனத்தில் மூன்று மாதம், கல்லூரியில் மூன்று மாதம் என்று மாறி மாறி நடக்கும் 'இரட்டைப் பட்டப்படிப்பு' பெரும் வெற்றி பெற்றது. ஆனால் அதில் சேருவோரில் பெரும்பாலோர் அபிடுர் முடித்தவர்களே.

கேள்வி: "அப்படியானால் இந்த இடைவெளியைச் சரியாகக் கடந்த நாடு உண்டா?" (கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி)

பதில்: என் மதிப்பில் சுவிட்சர்லாந்துதான் அதற்கு மிக அருகில் வந்திருக்கிறது. அங்கே கட்டாயக் கல்வி முடித்த இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். வேறு வழியில்லாமல் போகிறவர்கள் அல்ல அவர்கள். வங்கி எழுத்தராக வேண்டியவரும், ஆய்வக உதவியாளராக வேண்டியவரும் அங்கே பழகுநராகவே தொடங்குகிறார்கள். யூபிஎஸ் வங்கியின் தலைமைச் செயல் அலுவலர் செர்ஜியோ எர்மொட்டி லுகானோ நகரத்து வங்கி ஒன்றில் பழகுநராக இருந்தவர்.

1990-களில் அந்நாடு இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தது. 1994-இல் 'தொழில்சார் முதிர்வுச் சான்று' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பழகுநர், பயிற்சிக் காலத்திலேயே கூடுதல் நேரம் வகுப்புக்குச் சென்று மொழி, கணிதம் முதலியவற்றைக் கற்கலாம். முடியாதவர் பயிற்சி முடிந்த பின் ஓராண்டு முழுநேரமாகப் படிக்கலாம். அச்சான்றோடு வருபவரை ஏற்பதற்கென்றே, தொழிலோடு ஒட்டிய பட்டப்படிப்பு தரும் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்களை 1997-இலிருந்து திறந்தது. தம் தொழில் சார்ந்த துறையாக இருந்தால் நுழைவுத் தேர்வின்றிச் சேரலாம். சூரிச்சில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்துக்கோ பிற பல்கலைக்கழகங்களுக்கோ செல்ல விரும்புபவர், சுமார் ஓராண்டு தயாராகிக் கூடுதல் தேர்வு ஒன்றை எழுத வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்த விதி எதிர்த்திசையில் இருக்கிறது. ஏட்டுக் கல்வி வழியாக வந்த கிம்னாசிய மாணவர் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பினால், பொதுவாக அத்துறை சார்ந்த வேலையில் ஓராண்டு அனுபவம் பெற்று வர வேண்டும். பட்டறையிலிருந்து வருபவர் கணிதத்தில் தம் குறையை நிரப்புவது போல, பள்ளியிலிருந்து வருபவர் கைத்திறனில் தம் குறையை நிரப்ப வேண்டும் என்று ஒரு நாடு சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. குறை ஒரு பக்கத்தில்தான் என்ற எண்ணம் அங்கே இல்லை. தொழிற்கல்விக்கு மதிப்புத் தர வேண்டும் என்று சொல்வது எளிது. மதிப்புத் தருவது என்றால் இப்படித்தான் தர வேண்டும்.

கேள்வி: "பாலிடெக்னிக்குகளை எல்லாம் பல்கலைக்கழகங்களாக உயர்த்திவிட்டால் இந்த ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிடாதா?" (வாசகி, ஓசூர்)

பதில்: இங்கிலாந்து அதைச் செய்து பார்த்தது. 1965-இல் கல்வி அமைச்சர் ஆன்டனி கிராஸ்லாந்து வூலிச்சில் ஆற்றிய உரையைத் தொடர்ந்து, பல்கலைக்கழகங்களுக்கு இணையாக, தொழிலோடு ஒட்டிய உயர்கல்விக்கென முப்பது பாலிடெக்னிக்குகள் உருவாயின. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிப்பவர்களுக்கு அவை பெரிய ஆதரவு. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குப் பல்கலைக்கழகப் பெயரும் பட்டம் வழங்கும் உரிமையும் கொடுத்தது. பெயர் மாறியதும் அளவுகோலும் மாறியது. ஆய்வுக்கட்டுரைகளையும் முழுநேரப் பட்ட மாணவர்களையும் வைத்தே பழைய பல்கலைக்கழகங்களோடு அவை ஒப்பிடப்பட்டன. தரவரிசையில் பெரும்பாலானவை கீழே நின்றன. டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் இடைப்பட்ட தொழில்நுட்பக் கல்வி பின்னர் மிகவும் மெலிந்துபோனது.

அந்த வெற்றிடத்தை உணர்ந்துதான் வேலையில் பழகிக்கொண்டே பட்டம் பெறும் 'பட்டப் பழகுநர்' திட்டம் 2015-இல் வந்தது. 2017 முதல், ஆண்டுச் சம்பளச் செலவு முப்பது லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடம் அரை விழுக்காடு வரி பெறப்பட்டு இத்தகைய பயிற்சிகளுக்குச் செலவிடப்பட்டது. ஆனால் பணத்தில் பெரும்பங்கு, பள்ளி முடித்த இளைஞர்களுக்குப் போகாமல், ஏற்கெனவே பணியில் உள்ளவர்களின் மேலாண்மைப் படிப்புகளுக்குச் சென்றது என்ற குறை வலுத்தது. முதுகலை நிலைப் பயிற்சிக்கான அந்நிதியைப் பெரும்பாலும் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று 2026 ஜனவரி முதல் சுருக்கியிருக்கிறார்கள். ஆகவே பெயர்ப்பலகையை மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பாலிடெக்னிக் நல்ல பாலிடெக்னிக்காக இருக்கட்டும். அதில் படித்தவர் மேலே செல்லும் வழி தெளிவாக இருந்தால் போதும்.

கேள்வி: "என் மகள் என்.வி.க்யூ. நான்காம் நிலை முடித்திருக்கிறாள். பட்டம் வரை போகலாமா?" (வாசகர், வவுனியா)

பதில்: போகலாம். என்.வி.க்யூ. எனப்படும் இலங்கையின் தேசிய தொழில்சார் தகைமைக் கட்டமைப்பில் ஏழு நிலைகள் உள்ளன. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். அந்த ஏழாம் நிலைக்காகவே 2008-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்கச் சட்டத்தின்படி இரத்மலானையில் யுனிவோடெக் எனும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. உங்கள் மகள் அடுத்து நாட வேண்டியது ஐந்தாம் நிலை டிப்ளோமா.

கேள்வி: "பத்தாம் வகுப்பு முடித்த என் மகனை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்த்தேன். 'அதோடு அவன் படிப்பு முடிந்தது' என்று உறவினர்கள் சொல்வது மனத்தை அறுக்கிறது." (ஒரு தந்தை, கரூர்)

பதில்: உறவினர்கள் சொல்வது தவறு. ஐ.டி.ஐ. இரண்டாண்டு முடித்தவர் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐ.டி.ஐ. இரண்டு, டிப்ளமோ இரண்டு, பி.இ. மூன்று, ஆக ஏழு ஆண்டுகள். மேல்நிலைப் பள்ளி வழியாகப் போனால் ஆறு. கூடுதலாகும் அந்த ஓராண்டுக்கு ஈடாக உங்கள் மகனிடம் ஃபிட்டர் சான்றிதழும் டிப்ளமோவும் இருக்கும். எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் வேலைக்குச் செல்லும் தகுதி அவருக்கு உண்டு.

கவனிக்க வேண்டியது கணிதத்தை. நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேருவோர் முதலாண்டுக் கணிதப் பாடங்களைப் படிக்காமலேயே வகுப்பில் அமர்கிறார்கள். பலர் பின்தங்குவது அங்கேதான், திறமைக் குறைவால் அல்ல. ஐ.டி.ஐ. தேர்வு முடிந்து டிப்ளமோ வகுப்பு தொடங்கும் வரை உள்ள விடுமுறையில், பாலிடெக்னிக் முதலாண்டுக் கணிதப் புத்தகத்தை வாங்கிக்கொடுத்து, அதைச் சொல்லித்தரக்கூடிய ஓர் ஆசிரியரிடம் அனுப்பிவையுங்கள்.