குற்றவியலும் காவல் நெறியும் படிக்கலாமா? – ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பிளஸ் டூ முடித்திருக்கும் தங்கள் மகள் குற்றவியல் படிக்க விரும்புகிறாள் என்றும், அதிலும் காவல் துறை, நீதிமன்றம், சிறை ஆகியவற்றில் பணியாற்றுவோர் எதிர்கொள்ளும் நெறிச் சிக்கல்களையே தன் துறையாகக் கொள்ள நினைக்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். காவல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தங்கள் அண்ணன், "அடிக்காமல் எந்தத் திருடன் நகையை எடுத்துக் கொடுத்திருக்கிறான்? இதெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற விஷயமா?" என்று கேட்டதையும் மறைக்காமல் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்; தங்கள் மகள் படிக்க விரும்பும் பாடத்தின் நடுப்பகுதியை அவர் தொட்டுவிட்டார்.

காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு எதிரான சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்குக் காரணமான பகுதியை மட்டும் நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். "நான்தான் திருடினேன்" என்ற சொல் செல்லாது. "நகையைக் கிணற்றடியில் புதைத்தேன்" என்று சொல்லி, அங்கே நகையும் கிடைத்துவிட்டால், அந்த அளவுக்கு அது செல்லும். புகார் கொடுத்தவர் தினமும் நிலையத்துக்கு வந்து நிற்க, மேலதிகாரி "ரெக்கவரி என்ன ஆயிற்று?" என்று கேட்டுக்கொண்டிருக்க, சந்தேகப்பட்டவர் வாய் திறக்காமல் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, ஓர் உதவி ஆய்வாளரின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது தங்கள் அண்ணனுக்கு நன்றாகவே தெரியும். அவர் சொன்னது நடைமுறை. அந்த நடைமுறையை வளர்ப்பது தனி மனிதரின் குணமா, சட்டத்தின் அமைப்பா, மேலிருந்து வரும் அழுத்தமா என்று பிரித்துப் பார்ப்பதும், அடிபட்டவர் வலி தாங்காமல் தான் செய்யாததையும் ஒப்புக்கொள்ளும்போது உண்மையான குற்றவாளி தப்பிவிடுகிறான் என்பதைக் கணக்கில் கொள்வதும்தான் இந்தப் படிப்பு.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே தாக்கப்பட்டு, பின்னர் நீதிமன்றக் காவலில் இருந்தபோது இறந்த வழக்கைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செய்தியாகப் படித்தவர்கள் அடித்தவர்களைப் பற்றிப் பேசினோம். மாணவராகப் படிப்பவர், அந்த இருவரும் கோவில்பட்டிக் கிளைச் சிறையை அடையும் முன் எத்தனை மேசைகளைக் கடந்தார்கள் என்று பார்க்க வேண்டும். உடல் தகுதிச் சான்று தந்த மருத்துவர், ரிமாண்டு (சிறைக் காவல்) உத்தரவிட்ட நீதித்துறை நடுவர், உள்ளே அனுமதித்த சிறை அலுவலர் என ஒவ்வொருவருக்கும் நிறுத்திக் கேட்கும் அதிகாரம் இருந்தது. அன்று பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விசாரணைக்காக உயர் நீதிமன்றம் அனுப்பிய நடுவரிடம் தான் கண்டதைச் சொன்னார். அவருக்குப் பாதுகாப்பு அளிக்கும்படி நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. கைது செய்யும்போது நேரம் குறித்து, சாட்சியின் கையொப்பத்துடன் கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும் என்றும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்றும் 1996இலேயே, காவல் மரணங்கள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. விதி இருந்தும் ஏன் காக்கவில்லை என்ற கேள்விக்கு, "மனசாட்சி இல்லை" என்பது போதுமான பதிலாக எனக்குத் தோன்றவில்லை.

எல்லாச் சிக்கலும் அடி உதை பற்றியதல்ல. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது நிரம்பிய சிறார் ஒருவர் கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டால், அக்குற்றத்தைச் செய்யவும் அதன் விளைவுகளை உணரவும் அவருக்குத் திறன் இருந்ததா என்பதை இளைஞர் நீதிக் குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீட்டைப் பொறுத்து, அவர் வழக்கு பெரியவர்களுக்குரிய முறையில் நடத்தப்படக்கூடும். குழுமம் உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரின் உதவியை நாடலாம். தன்னை நம்பி மனம் திறந்து பேசிய பையனின் சொற்களை அவனுக்கு எதிராகவே திரும்பக்கூடிய அறிக்கையில் எவ்வளவு எழுதுவது? தங்கள் மகள் இந்தத் துறைக்கு வந்தால், இப்படியொரு நாற்காலியில் அவளே உட்காரக்கூடும்.

இனி வேலை. குற்றவியல் பட்டம் பெற்றவர்களுக்கென்று காவல் துறையில் தனி வாசல் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். குரூப் 1 வழியாக டி.எஸ்.பி. ஆவதற்கும், குடிமைப் பணித் தேர்வு வழியாக ஐ.பி.எஸ். ஆவதற்கும் அவ்வாறே. ஆனால் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் நெறிமுறைக்கென்று 250 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் இருக்கிறது. அதில் வரும் நிகழ்வாய்வு வினாக்களுக்கு இந்தப் படிப்பு கைகொடுக்கும். சிறைத் துறை, நன்னடத்தை அலுவலர் பணி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சட்ட உதவி அமைப்புகள் ஆகியவற்றிலும் வாய்ப்புகள் உண்டு. அவற்றுள் சில ஒப்பந்தப் பணிகள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே என் பரிந்துரை, ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முதலில் முடித்துவிட்டு, அதன்பின் குற்றவியலில் முதுநிலை சேர்வது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு 'கிளாட்' நுழைவுத் தேர்வு. முதுநிலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. நடைமுறைச் சட்டம் தெரியாமல் காவல் நெறி பேசுபவரை எந்த நிலையத்திலும் எந்த நீதிமன்றத்திலும் பொருட்படுத்த மாட்டார்கள். தவிர, சட்டப் பட்டம் கையில் இருந்தால் பிழைப்புக்கு ஒரு தொழிலும் இருக்கும். நீதிபதித் தேர்வையும் அவள் மனத்தில் வைத்திருந்தால், புதிதாகச் சேர்பவருக்கு மூன்றாண்டு வழக்காடும் அனுபவம் தேவை என்று 2025இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்திருப்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு நீளம் என்று குடும்பம் கருதினால், உளவியல் அல்லது சமூகப் பணியில் மூன்றாண்டு இளநிலையும் தவறில்லை.

பெண் பிள்ளை ஆயிற்றே என்ற தங்கள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. களப்பணிக்குச் சிறைக்கும் சிறார் இல்லத்துக்கும் போக நேரும். கேட்கும் கதைகள் மனத்தைப் பாதிக்கும். சேரும் முன் துறைக்கு நேரில் சென்று, களப்பணிக்கு ஆசிரியர் உடன் வருகிறாரா, மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு உண்டா, சென்ற ஆண்டு முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்கும் முன்பாக, டி.கே. பாசு தீர்ப்பை முழுவதும் படித்துவிட்டு, ஒரு வாரம் தங்கள் ஊர் நடுவர் நீதிமன்றத்தின் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து வரச் சொல்லுங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுவரப்படுபவரிடம் நடுவர் என்ன கேட்கிறார், அவர் என்ன பதில் சொல்கிறார், எவ்வளவு நேரத்தில் அது முடிகிறது என்பதை அவள் குறித்துக்கொண்டு வரட்டும். அந்தக் குறிப்பேட்டுடன் இருவரும் என்னிடம் வாருங்கள். விண்ணப்பம் எங்கே போடுவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்வோம். முடிந்தால் தங்கள் அண்ணனையும் அழைத்து வாருங்கள்.