64 புள்ளிகளும் வெறிபிடித்த போலீஸ் கார்களும்

கேள்வி – பதில்

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ (ஜிடிஏ) வீடியோ விளையாட்டில் வருவது அமெரிக்க நகரங்கள். ஆனால் அதைச் செய்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்று என் அண்ணன் அடித்துச் சொல்கிறான். இல்லை என்று பந்தயம் கட்டிவிட்டேன். ஜெயிப்பேனா? – கல்லூரி மாணவி

தோற்றுவிட்டீர்கள். பந்தயத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அது பிறந்தது ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள டண்டீயில். நிறுவனத்தின் பெயர் டிஎம்ஏ டிசைன். ஒரு காலத்தில் சணல் ஆலைகளால் வாழ்ந்த ஊர் அது. ஆலைகள் ஓய்ந்த காலத்தில் ஊருக்குச் சோறு போட்டவற்றில் ஒன்று டைமெக்ஸ் தொழிற்சாலை. ஆமாம், கைக்கடிகாரக் கம்பெனிதான். ஆனால் 1980களில் சின்க்ளேரின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியும் அங்கேதான் தயாரானது.

டேவிட் ஜோன்ஸ் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆட்குறைப்பில் வெளியே வந்தபோது கிடைத்த பணத்தில் ஒரு அமீகா கணினி வாங்கினார். வேறு யாராவது அந்தப் பணத்தை வங்கியில் போட்டிருப்பார்கள். உள்ளூர் கணினி மன்றம் ஒன்றில் பழக்கமான மைக் டெய்லி, ரஸ்ஸல் கே, ஸ்டீவ் ஹேமண்ட் ஆகியோர் பிறகு கூட்டாளிகள் ஆனார்கள். 1988இல் ‘மெனஸ்’, 1989இல் ‘பிளட் மணி’. இரண்டுமே சுட்டுத் தள்ளும் விளையாட்டுகள், இரண்டையும் வெளியிட்டது லிவர்பூலின் சிக்னோசிஸ். பரவாயில்லை ரகம்.

‘லெம்மிங்ஸ்’ செய்ததும் இதே ஆட்களா? நம்பவே முடியவில்லை. அது எவ்வளவு சாதுவான விளையாட்டு! – பழைய ரசிகர்

சாதுவா? தானாக நடந்து போகும் குட்டி ஆட்களைப் பத்திரமாக வாசலுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் விளையாட்டு. அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றுவதற்காக ஒருவனை வெடிக்க வைப்போமே, அதை மறந்துவிட்டீர்களா? தலையைப் பிடித்துக்கொண்டு ‘ஓ நோ’ என்று அவன் அலறுவது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் என் மதிய இடைவேளைகளைத் தின்று தீர்த்ததே இந்த விளையாட்டுதான். மொத்தம் 120 நிலைகள். கடைசிப் பகுதியான ‘மேஹெம்’மை நான் இன்றுவரை முடிக்கவில்லை.

அது தொடங்கியதே ஒரு வாய்த் தகராறில். ‘வாக்கர்’ என்ற இன்னொரு விளையாட்டுக்கு, மிதித்து நசுக்கவும் சுட்டுத்தள்ளவும் குட்டி மனிதர்கள் தேவைப்பட்டார்கள். ஸ்காட் ஜான்ஸ்டன் 16க்கு 16 பிக்சல் கட்டத்தில் வரைந்துகொண்டிருந்தார். அவ்வளவு எதற்கு, 8க்கு 8 போதும் என்றார் டெய்லி. அதாவது மொத்தமே 64 புள்ளி. அதற்குள் தலை, உடம்பு, வீசி நடக்கும் கை, கால் எல்லாம் அடங்க வேண்டும். பேசிக்கொண்டிருக்காமல், ஒரு மதிய இடைவேளையில் உட்கார்ந்து செய்தே காட்டிவிட்டார். வரிசையாக நடந்து வரும் குட்டி ஆட்கள், மேலிருந்து விழும் எடைக்கல், நசுங்கும் ஆட்கள். கேரி டிம்மன்ஸ் அந்த நடையைச் சீர்ப்படுத்தினார். அறையே விழுந்து விழுந்து சிரித்ததாம். ‘இதற்குள் ஒரு கேம் இருக்கிறது’ என்று முதலில் சொன்னவர் ரஸ்ஸல் கே. லெம்மிங்ஸ் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

ஆள் சின்னதாக இருந்ததால்தான் திரையில் நூறு பேர் வரை நடமாட முடிந்தது. இத்தனை பேரையும் நாமே நடத்திப் போக முடியாது. அவர்கள் பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பார்கள். தோண்டு, ஏறு, படி கட்டு, வழியை மறி என்று எட்டு வேலைகளில் ஒன்றை யாருக்கு, எப்போது கொடுப்பது என்பது மட்டும் நம் கையில். 1991 பிப்ரவரியில் வெளிவந்த முதல் நாளே 55,000 பிரதிகள் விற்றன.

அப்படியானால் ஜிடிஏவும் ஒரு தகராறில் பிறந்ததா? – அதே கல்லூரி மாணவி

இல்லை, ஒரு பிழையில். ப்ரோகிராமர்கள் ‘பக்’ என்பார்கள்.

முதலில் அதன் பெயர் ‘ரேஸ் அண்ட் சேஸ்’. மேலிருந்து பார்க்கும் நகரம், அதில் திருடனாகவோ போலீஸாகவோ ஆடலாம் என்பது திட்டம். போலீஸாக ஆடிப் பார்த்தால் சலிப்புத் தட்டியது. சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டும், பாதசாரிகளுக்கு வழிவிட வேண்டும், இதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? தேறாது, கைவிட்டுவிடலாம் என்ற பேச்சுகூட எழுந்தது. அந்தச் சமயத்தில்தான் போலீஸ் கார்களுக்குப் பாதை தேடித் தரும் நிரலில் கோளாறு வந்தது. நம் காரைச் சுற்றிப் போகாமல், காருக்குள்ளேயே புகுந்து போகப் பார்த்தன. வெறி பிடித்த மாதிரி வந்து மோதின. ஆடிப் பார்த்தவர்களுக்கு அதுதான் பிடித்துப்போனது! கொஞ்சம் கட்டுப்படுத்தி அப்படியே வைத்துக்கொண்டார்கள். திருடன் பக்கம் ஜெயித்தது, பெயரும் மாறியது. 1997 கடைசியில் பிஎம்ஜி இன்டராக்டிவ் அதை வெளியிட்டது.

எனக்கென்னவோ இன்றும் லெம்மிங்ஸ்தான் உசத்தி. ஜிடிஏ ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

டிஎம்ஏ என்பதன் விரிவு என்ன? – வாசகர்

அமீகா கையேட்டில் ‘டைரக்ட் மெமரி ஆக்சஸ்’ என்று ஒரு சொல் உண்டு. அதிலிருந்து எடுத்த எழுத்துகள். முதலில் யோசித்த ‘அக்மி’ என்ற பெயரை வேறு யாரோ ஏற்கெனவே வைத்திருந்தார்கள். விரிவு கேட்டால் ‘டஸன்ட் மீன் எனிதிங்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம். ஒரு அர்த்தமும் இல்லை என்றே அர்த்தம்.

இன்று அந்த நிறுவனம் எங்கே? – ‘கேம்மேக்கர்’ என்ற கேம் செய்யும் மென்பொருள் பழகும் மாணவர்

கைமாறிக்கொண்டே போனது. 1997இல் ஷெஃபீல்டின் கிரெம்லின் என்ற விளையாட்டு நிறுவனம் வாங்கியது. 1999இல் கிரெம்லினையே பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ் விழுங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் டேக்-டூ, டிஎம்ஏவை மட்டும் தனியே வாங்கிக்கொண்டது. அப்புறம் ஜாகை எடின்பரோவுக்கு மாறி, 2002இல் பெயரும் ராக்ஸ்டார் நார்த் ஆனது. மாணவியின் குழப்பத்துக்குக் காரணம் இதுதான்: முதலாளி அமெரிக்கா, பட்டறை ஸ்காட்லாந்து.

ஜோன்ஸ் வெளியேறி டண்டீயிலேயே ரியல்டைம் வேர்ல்ட்ஸ் தொடங்கினார். ‘கிராக்டவுன்’ நன்றாகப் போனது. 2010இல் வந்த ‘ஏபிபி’ காலை வாரிவிட, கம்பெனியே மூழ்கியது. இன்னொரு சேதி உங்களுக்கு. நீங்கள் பழகும் கேம்மேக்கரை வளர்த்த யோயோ கேம்ஸும் டண்டீயில் இருந்ததுதான். ரஸ்ஸல் கேயும் மைக் டெய்லியும் அங்கே வேலை பார்த்தவர்கள். பொம்மை வரைய முதலில் 8க்கு 8 கட்டத்தை எடுத்துப் பாருங்கள். பத்தவில்லை என்றால் எழுதுங்கள், பேசலாம்.