எல்லையை ஒட்டி கார் ஷெட்: நகராட்சி நோட்டீஸ் வந்துவிட்டது, என்ன செய்யலாம்?

கேள்வி: தமிழ்நாட்டில் நகராட்சிப் பகுதியில் 60 அடிக்கு 100 அடி மனையில், முறையாக அனுமதி வாங்கிக் கட்டிய வீடு எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு கார், ஒரு வேன் நிறுத்த 24 அடிக்கு 40 அடியில் தனியாக ஒரு ஷெட் போடுகிறேன். இரும்புத் தூண், டிரஸ், மேலே தகரம். ஒரு பக்கத் தூண் வரிசை காம்பவுண்டு சுவரை ஒட்டி நிற்கிறது. தகரம் போட்டால் அதன் நுனி சுவரைத் தாண்டும். ஷெட்டுக்கு பிளான் தேவையில்லை என்று காண்ட்ராக்டர் சொன்னார். டிரஸ் ஏற்றியதும் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார். வேலையை நிறுத்தி, கட்டியதை அகற்றும்படி நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் வீட்டு ஜன்னலுக்கு 12 வருடமாக வரும் வெளிச்சம் போய்விடும் என்கிறார். காம்பவுண்டு சுவரும் தன்னுடையது என்கிறார். சிவில் கோர்ட்டில் தடை வாங்கலாமா? பிற்பாடு என் தம்பி அங்கே டூவீலர் ஒர்க்‌ஷாப் வைக்கவும் யோசனை இருக்கிறது.

பதில்: முதலில் வேலையை நிறுத்துங்கள். தகரத்தை மட்டுமாவது போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நோட்டீஸ் வாங்கிய பிறகு ஏற்றிய ஒவ்வொரு தகரமும் நீங்கள் தெரிந்தே மீறியதற்குச் சாட்சியாகிவிடும். இன்று இருக்கும் நிலையை நான்கு பக்கமும் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காண்ட்ராக்டர் சொன்னது தவறு. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971 ‘கட்டிடம்’ என்ற சொல்லுக்குள் ஷெட்டையும் சேர்த்தே சொல்கிறது. செங்கல், மரம், உலோகம் என எதனால் கட்டினாலும் அது கட்டிடம்தான். தனியாக நிற்பதாலோ, போல்ட் போட்டுப் பூட்டியிருப்பதாலோ விலக்கு கிடைக்காது. அனுமதி வாங்கும் பொறுப்பும் மனை உரிமையாளருடையது. காண்ட்ராக்டர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழியுண்டு, ஆனால் அது இந்த நோட்டீஸை நிறுத்தாது.

அடுத்து நோட்டீஸை எடுத்து, அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது, எத்தனை நாள் அவகாசம் என்று பாருங்கள். பெரும்பாலும் 1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகளாக இருக்கும். 57 வேலையை நிறுத்தச் சொல்வது. 56 அகற்றச் சொல்வது. உங்களுக்கு உதவப்போவது 56-ஆம் பிரிவிலேயே இருக்கிறது: நோட்டீஸில் குறித்த காலத்துக்குள், கட்டியதை வைத்துக்கொள்ள 49-ஆம் பிரிவின்படி அனுமதி கேட்டு விண்ணப்பித்தால், அந்த விண்ணப்பம் முடிவாகும்வரை நோட்டீஸ் செயல்படாது. இந்தக் காலக்கெடுவை விட்டுவிட்டுப் பிறகு அலைபவர்கள்தான் அதிகம். எனவே எழுத்துப்பூர்வமான பதிலும் விண்ணப்பமும் கெடுவுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

சிவில் கோர்ட்டுக்கு ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இச்சட்டப்படி எடுத்த முடிவுகளைச் சிவில் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க 101-ஆம் பிரிவு தடை போடுகிறது. வழக்கு நிற்குமா என்ற வாதத்திலேயே மாதங்கள் போகும், அதற்குள் நோட்டீஸின் கெடு முடிந்துவிடும். திடீரென்று ஜேசிபியோடு வந்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று தந்த தீர்ப்பின்படி, காரணம் கேட்கும் நோட்டீஸ் கொடுத்து 15 நாளோ, உள்ளாட்சிச் சட்டம் சொல்லும் காலமோ, எது பிந்தியதோ அதுவரை காத்திருக்காமல் இடிக்கக் கூடாது. சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் இருப்பவற்றுக்கு இது பொருந்தாது. ஆனால் இந்த அவகாசம் குறையைத் தீர்க்காது. அடுத்த மாதமே, டிசம்பர் 17 அன்று, அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், காலம் கடந்துவிட்டது, பணம் செலவாகிவிட்டது என்பதெல்லாம் அனுமதியில்லாக் கட்டிடத்தை நியாயப்படுத்தாது என்று சொல்லிவிட்டது.

சரி, விண்ணப்பித்தால் இப்போது நிற்கும் வடிவத்துக்கே அனுமதி கிடைக்குமா? எல்லையை ஒட்டிய தூண் வரிசைக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019 மனையின் அகலம், கட்டிடத்தின் உயரம், முன்னால் உள்ள சாலையின் அகலம் ஆகியவற்றைப் பொறுத்து செட்பேக், அதாவது எல்லைக்கும் கட்டிடத்துக்கும் நடுவே காலி இடம், விடச் சொல்கிறது. வீட்டுக்கு வாங்கிய பழைய அனுமதி வரைபடத்தில் அந்த இடம் காலியாகக் காட்டப்பட்டிருக்கும்; அதையே உங்களுக்கு எதிராக எடுத்து வைப்பார்கள்.

ஆகவே பதிவு பெற்ற பொறியாளரிடம் இரண்டு வரைபடம் வாங்குங்கள்: இப்போது நிற்பது ஒன்று, திருத்திக் கட்டப்போவது ஒன்று. எல்லைப்பக்க வரிசையை 5 அடி உள்ளே தள்ளினால் அகலம் 19 அடி, அதாவது ஏறக்குறைய 5.8 மீட்டர். ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்பதே நிறுத்துமிடக் கணக்கு. அகலத்தில் இரண்டு கார், 40 அடி நீளத்தில் இரண்டு வரிசை. உங்கள் மூன்று வண்டிகளும் அடங்கிவிடும். போல்ட் போட்ட டிரஸ்ஸைக் கழற்றிச் சுருக்கலாம், தூணுக்குப் புது அஸ்திவாரம் மட்டும் போட வேண்டும். இடித்துக் கட்டுவதைவிட இது மலிவு, வழக்கு நடத்துவதைவிட இன்னும் மலிவு.

தள்ளும் அளவை முடிவு செய்யும் முன் எல்லையை அளந்துவிட வேண்டும். பட்டா, புலப்பட (எஃப்எம்பி) நகல், இரண்டு வீட்டுக் கிரயப் பத்திரங்களின் சொத்து விவரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, எஃப்-லைன் எனப்படும் எல்லை அளவைக்கு விண்ணப்பித்து, பக்கத்து வீட்டுக்காரர் முன்னிலையில் சர்வேயரைக் கல் நடச் செய்யுங்கள். பத்திரத்தில் உள்ள அளவும் நான்கெல்லையும் முரண்பட்டால் பொதுவாக நான்கெல்லையே மேலோங்கும். காம்பவுண்டு யாருடையது என்பதும் இதில்தான் தெளியும். பொதுச்சுவர் என்றால் ஒருவர் மற்றவரைக் கேட்காமல் அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது. அவருடைய சுவர் என்றால் உங்கள் ஷெட் அதைத் தொடவே கூடாது.

தகர நுனி விஷயத்தில் சட்டம் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் பக்கமே. அவர் மனைக்கு மேலுள்ள வெளியும் அவருடையதே. ஓரங்குலம் நீண்டாலும் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act), 1963-இன் 39-ஆம் பிரிவில் அதை வெட்டச் சொல்லிக் கட்டளை கேட்கலாம். அவர் இத்தனை நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார் என்ற வாதமும் எடுபடாது, புகார் கொடுத்துவிட்டாரே. தண்ணீரையும் யோசியுங்கள். 960 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,460 லிட்டர் இறங்கும். மேட்டு நிலத்திலிருந்து இயல்பாக வழியும் நீருக்குச் சட்டம் இடம் தருகிறது. கூரையில் திரட்டி அடுத்தவர் மனையில் கொட்ட உரிமை தரவில்லை. கூரையின் சரிவு உங்கள் மனைப்பக்கமே இருக்கட்டும். ஓரத்தில் நீர்த்தாரை வைத்து, குழாய் வழியாக மழைநீர் சேகரிப்புக் குழிக்கு இறக்குங்கள்.

ஜன்னல் வாதத்தில் மட்டும் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. வழிவழி அனுபோகத்தால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை வர, இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882-இன் 15-ஆம் பிரிவின்படி 20 ஆண்டுகள் இடையறாமல் அனுபவித்திருக்க வேண்டும். 12 வருடம் போதாது. ஆனால் செட்பேக் மீறலைக் கேட்க அவருக்கு இந்த உரிமையே தேவையில்லை. விதிமீறிய கட்டிடத்தால் பாதிக்கப்படும் அக்கம்பக்கத்தவர் வழக்காடலாம் என்பதை 1974-லேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. புதுத் தூணுக்குக் குழி தோண்டும்போது அவர் பக்க மண் சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்தின் இயல்பான தாங்குதலைக் குலைக்கக் கூடாது என்பதும் வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் உண்டு.

மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கூரைக்கும் செங்குத்தாக 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும்.

தம்பியின் ஒர்க்‌ஷாப்பை இந்த விண்ணப்பத்தோடு கலக்காதீர்கள். வீட்டு உபயோகத்துக்கு என்று அனுமதி வாங்கி, அங்கே தொழில் நடத்துவது தனி மீறல். வீட்டு மின் இணைப்பில் வெல்டிங்கும் கம்ப்ரசரும் ஓட்டினால், மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவில் உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். அந்த எண்ணம் உறுதியானால் பயன்பாட்டு மாற்றம், தொழில் உரிமம், தனி மின் இணைப்பு மூன்றுக்கும் முதலிலேயே வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

எல்லைக்கல் நட்டதும் திருத்திய வரைபடத்தின் நகலைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நீங்களே காட்டுங்கள். தூண் உள்ளே போகிறது, தண்ணீர் வராது என்று தெரிந்தால், ஆட்சேபணை இல்லை என எழுதித் தர அவர் முன்வரலாம். அக்கடிதம் செட்பேக் விதியைத் தளர்த்தாது. ஆனால் புகார் அடங்கினால் உங்கள் விண்ணப்பத்துக்கு எதிர்ப்பு இருக்காது. அனுமதி வந்து வேலை முடிந்ததும் கூடுதல் பரப்பைச் சொத்து வரிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். வரி ரசீது கட்டிட அனுமதிக்கு ஈடாகாது என்பதால், இரண்டையும் பத்திரங்களோடு சேர்த்தே வைத்திருங்கள்.